முதல்ல ஒரு வாய் சாப்பிடு

அந்த ஆன்ட்டி சாப்பிடக் கூப்பிட்டால் ஹூஸ்டனை ஒட்டிய எங்கள் சுகர் லேண்டில் யாருக்கும் பசிக்காது. சமையல் மோசம் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் வைக்கிற வத்தக்குழம்புக்காக ஹூஸ்டனின் அந்தக் கோடியிலிருந்து காரை எடுத்துக்கொண்டு வந்தவர்கள் உண்டு. "ஞாயித்துக்கிழமை எல்லாரும் வாங்க" என்று கூட்டமாகக் கூப்பிட்டால் பயமில்லை. நடுவாரத்தில் போன் செய்து, "நீ மட்டும் வாம்மா, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போ" என்றால்தான் வயிற்றில் புளியைக் கரைக்கும்.

சாவுச் சேதி காதில் விழுந்துவிட்டால் தலை முழுகாமல் பச்சைத் தண்ணீர் பல்லில் படக்கூடாது என்று நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டல்லவா? அதனால் விவரம் தெரிந்தவர்கள், சேதியை விழுங்கிக்கொண்டு முதலில் சோற்றைப் போடுவார்கள். ஆன்ட்டி அதைச் சாவோடு நிறுத்தவில்லை. வேலை போனது, வியாதி வந்தது, கல்யாணம் முறிந்தது, எதுவானாலும் எதிராளியின் வயிறு நிறைந்த பிறகுதான் அவர் வாய் திறக்கும்.

நான் அவருக்கு எதிர்வீட்டுக்காரி. தொண்ணூறுகளின் ஆரம்பத்தில், எண்ணெய்க் கம்பெனி இன்ஜினியரைக் கட்டிக்கொண்டு டெக்சாஸுக்கு வந்தேன். என் விசாவில் வேலை பார்க்க முடியாது. கார் ஓட்டவும் தெரியாது. பகலெல்லாம் ஆன்ட்டி வீடே கதி. எனக்கு கார் ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான், புடவையும் வெள்ளை ஸ்னீக்கர்ஸுமாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு. ஆஸ்பத்திரி லேபில் வெகுகாலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கையோடு இருந்தார். அந்தத் தங்கைதான் அவரை இந்த நாட்டுக்கே வரவழைத்தது.

அடை விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் வந்த மறுவருஷம் ஒரு புதன்கிழமை, "அடை வார்க்கிறேன், வா" என்றார். அப்போது எனக்கு இவர் சங்கதி தெரியாது. கல்லிலிருந்து எடுத்து எடுத்துத் தட்டில் போட்டார். முருங்கைக்கீரை அடை, வெல்லம், வெண்ணெய். "உங்க கைக்குத் தங்கக் காப்பு போடணும் ஆன்ட்டி" என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டேன். கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தபின், என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அப்பா போயிட்டாரும்மா" என்றார். திருநெல்வேலியிலிருந்து என் அண்ணன் முந்தின நாளே என் வீட்டுக்காரரின் ஆபீசுக்குப் போன் செய்திருக்கிறான். என்னிடம் சொல்லத் தைரியமில்லாமல் மனுஷன் நேரே ஆன்ட்டியிடம் போய் நின்றிருக்கிறார்.

அப்பா செத்துக் கிடக்கிறார், நான் இங்கே வெண்ணெய் தொட்டு அடை தின்றுகொண்டிருந்தேன். எவ்வளவு ஆத்திரம் வந்தது தெரியுமா? ஒரு மாதம் அந்த வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. கடைசியில் அவரே வந்தார். "அதுக்கப்புறம் நீ எத்தனை நாள் சரியா சாப்பிடாம கிடந்தே? அந்த அடையாவது உள்ள இருந்துதில்ல?" என்றார். அவர் மடியில் தலை வைத்து அழுதேன். ஆனால் அடை இன்றுவரை எனக்கு இறங்காது.

என் வீட்டுக்காரர் மட்டுமா, ஊரே அவரை அப்படித்தான் பயன்படுத்திக்கொண்டது. வேலை போனவன் பெண்டாட்டியிடம் சொல்ல பயந்தால் ஆன்ட்டி. பையன் காலேஜை விட்டுவிட்டான் என்று அப்பாவிடம் சொல்ல ஆன்ட்டி. டல்லாஸில் இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்த ஒரு மகானுபாவன், டிவோர்ஸ் சமாசாரத்தைத் தன் மனைவியிடம் சொல்லிவிடும்படி இவரையே கேட்டுக்கொண்டான். இவரும் அரிசியை ஊறப்போட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவன் பண்ணின அசிங்கத்தை அவனே சொல்லட்டுமே ஆன்ட்டி! நீங்க எதுக்கு?"

"அவன் சொன்னா வெறும் வயித்துல சொல்லிடுவான்மா" என்றார், உளுந்தைக் களைந்துகொண்டே.

அந்தப் பெண் வந்தாள், இட்லி சாப்பிட்டாள், கேட்டாள். பிறகு எந்த விசேஷத்தில் ஆன்ட்டியைப் பார்த்தாலும் அவள் அறையை விட்டு எழுந்து போய்விடுவாள். அப்படி எழுந்து போகிறவர்கள் ஒருத்தர் இரண்டு பேர் இல்லை. ஆன்ட்டி அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளமாட்டார். ஆளுக்கொரு பதார்த்தம் செய்து கொண்டுவருகிற பாட்லக் விருந்துக்கு அவர் கொண்டுவருகிற பாத்திரத்தைத் திறக்கும்போது எல்லாரும் தமாஷாக, "இன்னிக்கு யாருக்கு ஆன்ட்டி?" என்று கேட்பார்கள். கேட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வையில் தமாஷ் இருக்காது.

இவருடைய தங்கையை நாங்கள் டாக்டர் ஆன்ட்டி என்போம். மயக்க மருந்து டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், புருஷனை இழந்தவர், வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாதவர். அவருக்குப் பிடித்தது கப்பல். குரூஸ் என்கிற கப்பல் உல்லாசப் பயணம் ஒன்று முடிந்து வந்த பெட்டி ஹாலில் கிடக்கும்போதே அடுத்த குரூஸின் வழவழ புத்தகம் டைனிங் டேபிளுக்கு வந்துவிடும். கரீபியன், அலாஸ்கா, கிரீஸ். அக்காவையும் வா வா என்று கூப்பிடத்தான் செய்தார். "ரெண்டு பேரும் போயிட்டா இங்க போனை யார் எடுக்கறது?" என்பார் ஆன்ட்டி. அந்த வீட்டுப் போனில் நல்ல சேதி அதிகம் வந்து நான் பார்த்ததில்லை.

தங்கை கிளம்பிய அன்று வீடு பெருக்கமாட்டார், தலைக்குக் குளிக்கமாட்டார். மறுநாளிலிருந்து டிவியில் வானிலை சேனல்தான். காலை காபி அதன் முன்னால், கீரை ஆய்வது அதன் முன்னால், மத்தியானம் கண் அயர்வதும் அதன் முன்னால். கடலில் எங்கேயாவது வெள்ளையாகச் சுழன்றால், "பாப்பா இதுக்குக் கீழ இருக்கா, இல்ல, மேல இருக்கா" என்று முணுமுணுப்பார். அறுபது தாண்டிய தங்கை அவருக்குப் பாப்பா. துறைமுகத்துக்குத் துறைமுகம் டாக்டர் ஆன்ட்டி போன் செய்வார். இவர் சொல்கிற பதில் எப்போதும் ஒன்றுதான்: "இங்க எல்லாம் நல்லா இருக்கோம். நீ நல்லா சாப்பிடு."

நடுவில் நடந்த கெடுதிகளையெல்லாம் சேர்த்து வைத்துக்கொள்வார். எதை எந்த வேளைக்குப் பிறகு சொல்வது என்று என்னோடு ஆலோசனை வேறு. "கூரை ஒழுகினதைக் காலை டிபனோட சொல்லிடலாம். அவளோட சிநேகிதி தவறினதை மத்தியானச் சாப்பாட்டுக்கு வெச்சுக்கலாம், என்ன?" இதைக் கேட்டுச் சிரிப்பேன். வீட்டுக்குப் போனபின் ஏனோ கதவைப் பூட்டியிருக்கிறோமா என்று பார்க்கத் தோன்றும்.

அலாஸ்கா குரூஸின்போது மதுரையில் இருந்த அவர்களுடைய ஒரே சகோதரர் போய்விட்டார். இரண்டு பேருக்கும் நடுவில் பிறந்தவர். ஆன்ட்டி காலையில் பல்கூட விளக்கியிருக்கவில்லை, போன் வந்துவிட்டது. நான் போனபோது தலை முழுகி, ஈரத் தலையோடு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். அன்று முழுதும் ஒன்றும் சாப்பிடவில்லை. சாயங்காலம் தங்கையின் போன். ஐஸ் மலை உடைந்து கடலில் விழுந்ததைப் பார்த்தாராம். "அப்படியா! போட்டோ எடுத்தியா?" என்று கேட்டார் ஆன்ட்டி. குரலில் ஒரு சின்னப் பிசிறு இல்லை. போனை வைத்துவிட்டு, "அண்ணன் மேல உசிரு அவளுக்கு" என்றார்.

ஏர்போர்ட்டுக்கு என்னைத்தான் அனுப்பினார். ஃப்ரீவே முழுக்க டாக்டர் ஆன்ட்டி கேப்டனோடு சாப்பிட்ட கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். "என்னடி, உம் கொட்ட மாட்டேங்கற?" என்றார். தலைவலி என்று சொல்லிவிட்டு ரோட்டையே பார்த்து ஓட்டினேன். வீட்டுக் கதவைத் திறந்ததும் மேஜையில் எலுமிச்சம்பழ சாதம், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம், மோர்க்குழம்பு, எல்லாம் ஆவி பறக்க. டாக்டர் ஆன்ட்டி பெட்டியின் கைப்பிடியை விடாமல் வாசற்படியிலேயே நின்றார்.

"யாரு?" என்றார்.

"கை கழுவிட்டு வா பாப்பா."

"யாரு அக்கா?"

"முதல்ல ஒரு வாய் சாப்பிடு."

டாக்டர் ஆன்ட்டி கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு, பரிமாறியதையெல்லாம் சாப்பிட்டார். அப்பளம் நொறுங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. என்னால் அங்கே நிற்க முடியவில்லை, சமையலறைக்குப் போய்விட்டேன். அவர் அழுகிற குரல் கேட்டபின்தான் வெளியே வந்தேன்.

அதற்கப்புறம் கப்பல் அதிகமாயிற்று. வீட்டில் இருக்கிற நாளைவிட கடலில் இருக்கிற நாள் அதிகம் என்கிற மாதிரி. பென்ஷனையெல்லாம் உப்புத்தண்ணியில் கரைக்கிறாரே என்று நாங்கள் கேலி பேசினோம்.

ஆன்ட்டியின் ரவிக்கை தோளில் தொளதொளவென்று நிற்பதை நான்தான் முதலில் கவனித்தேன். அப்போது டாக்டர் ஆன்ட்டி பனாமா கால்வாய் வழியாகப் போகிற நீண்ட குரூஸில் இருந்தார். "வயசானா இளைக்காம பின்ன?" என்றார் ஆன்ட்டி. ஆனால் சமைக்கும்போது நடுவில் நாற்காலியில் உட்கார ஆரம்பித்திருந்தார். நச்சரித்து டாக்டரிடம் கூட்டிப்போனேன். டெஸ்டுகள் எல்லாம் எடுத்தார்கள். ரிசல்ட் சொல்கிற அன்றைக்கு என்னை உள்ளே வரவேண்டாம் என்று லாபியில் உட்கார்த்திவிட்டுத் தனியாகப் போனார். திரும்பி வந்தபோது முகத்தில் எதுவும் தெரியவில்லை. காரில் ஏறியதும் சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, "போலாம்" என்றார்.

நான் காரை எடுக்கவில்லை. "என்ன சொன்னார்? சொன்னாத்தான் எடுப்பேன்."

"வயித்துல கட்டியாம். ஆபரேஷன் பத்திப் பேசணுமாம், சீக்கிரமா வரச் சொல்றார். மிச்சத்தை என் தங்கை வந்ததும் அவகிட்ட சொல்லுங்கன்னுட்டேன்."

"மிச்சம்னா என்ன ஆன்ட்டி?"

"எனக்கெப்படித் தெரியும்? நான்தான் கேக்கலையே."

ஆஸ்பத்திரி லேபில் அத்தனை வருஷம் ஊரார் ரத்தத்தைப் பார்த்தவர், தன்னுடையதைக் கேட்காமல் எழுந்து வந்திருக்கிறார். "கப்பலுக்குச் சொல்லிடலாம். இப்பவே" என்றேன்.

"கடல்ல இருக்கறவகிட்ட சொன்னா அவ என்ன பண்ணுவா? குதிப்பாளா?"

"அடுத்த போர்ட்ல இறங்கி பிளேன் பிடிப்பாங்க!"

"வெறும் வயித்தோட, தனியா, பிளேன்ல உக்காந்து அழுதுட்டு வரணுமா என் பாப்பா?" என்று முதல் தடவையாக என்னிடம் குரலை உயர்த்தினார். பிறகு தணிந்து, "நீ சொல்ல மாட்டேன்னு உன் பொண்ணு மேல சத்தியம் பண்ணு" என்றார்.

"பொண்ணு மேலயெல்லாம் சத்தியம் பண்ணமாட்டேன்" என்று காரைக் கிளப்பினேன்.

அதன் பிறகு அந்த வீட்டுக்குள் போகவே எனக்குப் பயமாக இருந்தது. தினமும் போனேன், அது வேறு. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும், இவர் எடுக்கமாட்டார். மணி அடித்து அடித்து, ஆன்சரிங் மெஷினில் ஒரு நர்ஸின் குரல், தயவுசெய்து கூப்பிடுங்கள் என்று இங்கிலீஷில் பேசும். இவர் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்குவார். மெஷினின் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். வெண்டைக்காய் யாருக்கு? அவர் இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடுவதில்லை. நான் மிஞ்சினதை டப்பாவில் எடுத்துக்கொண்டு வருவேன். தங்கை போன் செய்தால் மட்டும் குரல் கணீரென்று வரும்: "நல்லா இருக்கேன் பாப்பா. என்ன சாப்பிட்டே?"

ஒரு நாள் சாயங்காலம் என் வீட்டுப் போன் அடித்தது. டாக்டர் ஆன்ட்டி. கொலம்பியாவில் ஏதோ துறைமுகம். பின்னால் பேண்டு வாசிக்கிற சத்தம். என் வீட்டுக்கு அவர் போன் செய்தது அதுதான் முதல் தடவை.

"ஒவ்வொரு போர்ட்லயும் சாப்பிட்டியா சாப்பிட்டியான்னே கேக்கறா அக்கா. வேற பேச்சே இல்ல. என்னடி நடக்குது அங்க?"

மறைக்க எனக்கு வாயும் வரவில்லை, மனசும் வரவில்லை. சொல்லிவிட்டேன். போன் கார்டு தீர்ந்துவிடுமோ என்று பயந்து, "ஆன்ட்டி, இருக்கீங்களா?" என்றேன்.

"அப்ப எனக்கு ஒம்பது வயசு" என்றார். "ஸ்கூல் விட்டு வர்றேன். அக்கா தட்டைப் போட்டு தயிர் சாதம் பிசைஞ்சு ஊட்டி விட்டா. மாவடு குடுத்தா. இன்னும் ஒரு வாய், இன்னும் ஒரு வாய்னு. அப்புறமா அப்பா இல்லைன்னு சொன்னா. என் வீட்டுக்காரர் போனப்ப பூரி. அண்ணனுக்கு நீயே பாத்தே. அவ கையால சோறு வாங்கறப்பல்லாம் அவ முகத்தைத்தான்டி பாப்பேன், சாப்பாட்டைப் பாத்ததில்ல. எதுக்கு இந்தக் கிழவி கப்பல் கப்பலாப் போறாள்னு நீங்கள்ளாம் சிரிப்பீங்க, எனக்குத் தெரியும். கப்பல்ல தட்டைக் கொண்டு வந்து வெக்கறவன் யாருன்னே எனக்குத் தெரியாது. அவன் எனக்கு எதையும் சொல்லப்போறதில்ல. அங்கதான் நான் பயப்படாம சாப்பிடறேன்."

நான் அழுதுவிட்டேன். "அக்காவை இப்படிச் சொல்றேன்னு நினைக்காதே. அவளைத் தவிர எனக்கு யாரு?" என்று சொல்லிவிட்டு, எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர் என்று மளமளவென்று கேட்டுக்கொண்டார். மூன்றாம் நாள் ஹூஸ்டனில் வந்து இறங்கினார்.

வீட்டுக்குப் போகவேண்டாம், நேரே ஆஸ்பத்திரிக்கு விடு என்றார். டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவர் பார்க்கிங் கராஜில் என் கார்க்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எல்லா இடத்துலயும் பரவியிருக்கு. முதல் நாள் பாத்தப்பவே பரவித்தான் இருந்திருக்கு. ஆபரேஷன்ல பிரயோஜனம் இல்ல. கோடைகூடத் தாண்டமாட்டா. நீயும் தெரிஞ்சுக்கோ, இதை நான் ஒருத்தியா வெச்சுக்கிட்டு அவ முன்னாடி நிக்க முடியாது" என்றார்.

வீட்டில் ஆன்ட்டி சோபாவில் போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். தங்கையைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. "உனக்கு ஒண்ணும் பண்ணி வெக்கலையே பாப்பா" என்று பதறினார். டாக்டர் ஆன்ட்டி சமையலறைக்குள் போனார். பாத்திரம் உருளுகிற சத்தம் வந்தது. உதவிக்குப் போன என்னைக் கையசைத்து நிறுத்திவிட்டார். சாதம் குழைந்து அடிப்பிடித்தது, வாடை ஹாலுக்கு வந்தது. அதில் தயிரை ஊற்றிப் பிசைந்து, தட்டில் போட்டு, எடுத்துக்கொண்டு வந்து அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அக்கா, முதல்ல ஒரு வாய் சாப்பிடு."

ஆன்ட்டி தட்டைப் பார்த்தார். தங்கையின் முகத்தைப் பார்த்தார். அந்த முகம் எதையும் மறைக்கப் பழகாத முகம்.

"எனக்குப் பசிக்கலை பாப்பா."

"ஒரே ஒரு வாய்."

"நாளைக்கு."

மறுநாளும் நாளைக்கு என்றார். அதற்கு மறுநாளும். தங்கை கையால் கஞ்சி இல்லை, ஹார்லிக்ஸ் இல்லை, மாத்திரைக்குத் தண்ணீர்கூட இல்லை. தானே சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்க் குழாயில் தண்ணீர் பிடித்துக் குடிப்பார். அக்கா, சும்மா சாப்பிடு, நான் ஒண்ணும் சொல்லப்போறதில்ல என்று டாக்டர் ஆன்ட்டி கெஞ்சிப் பார்த்தார். ஆன்ட்டி சிரித்துக்கொண்டு வாயை இறுக்கி மூடிக்கொண்டார். டாக்டர் ஆன்ட்டி ரோட்டைக் கடந்து என் வீட்டுக்கு வந்து, காலில் செருப்புக்கூட இல்லாமல், கராஜ் வாசலில் நின்று அழுதார்.

"பட்டினி கிடந்தே செத்துருவாடி. என்கிட்ட அதைக் கேக்கக்கூடாதுன்னே செத்துருவா. நீ ஏதாவது கொண்டு போய்ப் பாரேன்."

ரசம் வைத்து, சாதத்தைக் கரைய மசித்து, ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு போனேன். ஆன்ட்டியின் முகம் என்னைப் பார்த்ததும் மலர்ந்தது. பக்கத்தில் உட்காரச் சொல்லி சோபாவைத் தட்டிக்காட்டினார்.

"நீயா? நீ குடும்மா, சாப்பிடறேன். உனக்குத்தான் ஒண்ணும் தெரியாதே."

டாக்டர் ஆன்ட்டி என் முதுகுக்குப் பின்னால், சமையலறைக் கதவருகில் நின்றுகொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும். நான் ஆன்ட்டியின் நெற்றியைப் பார்த்தேன், போர்வையைப் பார்த்தேன், கண்ணை மட்டும் பார்க்கவில்லை. "ஆமா ஆன்ட்டி" என்று சொல்லி ஸ்பூனை எடுத்தேன். ரசம் புடவையில் சிந்தியது. திரும்பவும் எடுத்தேன், திரும்பவும் சிந்தியது. ஆன்ட்டி என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கை நடுங்காம பிடிம்மா" என்று சொல்லி, என் மணிக்கட்டைத் தானே பிடித்துக்கொண்டு, அந்த முதல் வாயை வாங்கிக்கொண்டார்.